அச்சுக்கு முன்னும் பின்னும்: ஓர் ஒளிப்பட நூல் நல்கையின் முதல் சுற்று

சென்னையில் ஒரு குடும்பம், காலமான தந்தையின் நினைவாக, இதுவரை நூலாகாத ஒளிப்படத் தொகுப்புகளைப் பதிப்பிக்க ஒரு நல்கையை (நிதியுதவியை) ஏற்படுத்தியது. முதல் சுற்றில் தேர்வுக் குழுவில் இருந்தேன். பிறகு நூல் தயாரிப்பிலும் கூடவே இருந்தேன். அந்தச் சுற்று எப்படி நடந்தது என்பதை முழுமையாக எழுதிவைக்க ஒரு காரணம் உண்டு. இப்படி ஒரு நல்கையை ஏற்படுத்த நினைக்கும் குடும்பங்கள் இப்போது என்னிடம் யோசனை கேட்கின்றன. எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு புத்தகம் அச்சடிக்க எவ்வளவு ஆகும்?" என்பதுதான். ஒளிப்பட நூலைப் பொறுத்தவரை அச்சு நடுவில் வரும் வேலை. அதற்கு முன்னால் படங்களைத் தேர்ந்து கோக்கும் வேலைக்கும், அதற்குப் பின்னால் நூலை வாசகரிடம் சேர்க்கும் வேலைக்கும் நம் ஊரில் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. நூல்கள் முடங்கிப்போவது அந்த இரண்டு இடங்களில்தான். சம்பந்தப்பட்டவர்களின் விருப்பப்படி அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நல்கை பிறந்த விதம்

யாருடைய நினைவாக நல்கை தொடங்கப்பட்டதோ அவர் வங்கி ஊழியர். கேமரா அவருடைய விடுமுறை நாள் வேலை. கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்கு இடம் பெயர்வதற்கு முன், பல ஆண்டுகள் விடியற்காலையில் ஜார்ஜ் டவுனுக்குப் போய், மூட்டை தூக்குபவர்களையும் மாட்டு வண்டிகளையும் தரகர்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம்தான் பெரும்பாலும். படங்களைச் சிறிய அளவில் பிரிண்ட் போட்டு, பழைய வங்கி லெட்ஜர் ஒன்றில் பக்கம் பக்கமாக ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் எந்தப் படத்தோடு எந்தப் படம் நிற்க வேண்டும் என்று தானே முடிவு செய்திருந்தார். அச்சுத் தொழிலில் இதை டம்மி என்போம். அந்த லெட்ஜரை எடுத்துக்கொண்டு அவர் பதிப்பாளர்களைப் பார்த்திருக்கிறார். படங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தன. "செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் போட்டுத் தருகிறோம்" என்பதுதான் கிடைத்த பதில். லெட்ஜர் பீரோவுக்குள் போனது.

அவர் காலமான பிறகு மக்கள் மூவரும் பீரோவைத் திறந்தபோது நெகட்டிவ்களில் பாதி புளித்த வாடை அடித்தது. அசிடேட் பிலிம் நம் கடற்கரைக் காற்றின் ஈரத்திலும் சூட்டிலும் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளிவரும். வினிகர் வாடை அதற்கான அறிகுறி. ஒரு முறை தொடங்கினால் நிறுத்த முடியாது, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். அடித்தளம் சுருங்கி, மேலே உள்ள படலம் வரிவரியாக எழும்பிவிடும். அந்த நிலையை எட்டாதவற்றை மட்டும் ஸ்கேன் செய்தார்கள்.

மூத்த மகள் முதல் நூலாக அப்பாவின் லெட்ஜரே வர வேண்டும் என்று விரும்பினார். ஆசை நியாயமானது. ஆனால் நல்கையின் பணத்தில் முதல் நூலே குடும்பத்தின் நூலாக வந்தால், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க நினைப்பவர் அதை ஒரு குடும்பக் கைங்கரியமாகத்தான் பார்ப்பார். அப்பாவின் நூலைக் குடும்பம் தன் சொந்தச் செலவில் தனியாகக் கொண்டுவருவது, நல்கைப் பணம் வெளியாருக்கு மட்டும் என்று முடிவானது. இளைய மகன் அந்தக் கூட்டத்தில் ஒன்று சொன்னார்: "அப்பாவுக்குக் கிடைக்காதது புகழ் இல்லை, கூட உட்கார்ந்து பார்க்க ஓர் ஆள் கிடைக்கவில்லை." நல்கையின் விதிகளை எழுதும்போது நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தது இந்த வார்த்தையைத்தான்.

பணம் ஓர் அறக்கட்டளையின் மூலதன நிதியாக வைக்கப்பட்டது. வட்டி மட்டும் செலவுக்கு. ஆண்டுதோறும் ஒரு நூல் என்பது அந்த வட்டிக்குள் அடங்காது என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒரு நூல் என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல

மெட்ராஸில் ஒளிப்பட வெளியீட்டுக்குப் பொதுப் பணம் கொடுக்கப்பட்டதும் நிறுத்தப்பட்டதும் பழைய கதை. மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856-இல் நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப், 1857 இறுதியிலும் 1858-இலும் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று மாட்டு வண்டியில் கருவிகளோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளப் படமாக்கியவர் அவர். படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள்; அதாவது ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பிரிண்ட் போட்டுக் கையால் ஒட்டினார்கள். படம் எடுக்க ஆன காலத்தைவிடப் பிரதிகள் தயாரிக்க ஆன காலம் அதிகம். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். படம் எடுக்கும் செலவை ஏற்றுக்கொண்ட அரசுக்கு, அதை நூலாக்கும் செலவு மட்டும் ஆடம்பரமாகத் தெரிந்திருக்கிறது. இன்றும் நிலைமை அதேதான்: படம் எடுக்க உதவித்தொகைகள் உண்டு, கண்காட்சிக்கு ஆதரவு உண்டு. 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே பறக்கும் ரயில் நிலையங்களுக்கே படங்களைக் கொண்டுபோனது. நூல் என்று வரும்போதுதான் கை சுருங்குகிறது.

விண்ணப்பங்கள்

முதலில் எழுதிய விதி, டம்மியை நேரில் அனுப்ப வேண்டும் என்பது. பிரான்ஸில் ஆர்ல் நகர ஒளிப்பட விழாவில் 2015 முதல் பதிப்பிக்கப்படாத டம்மிகளுக்குத் தரப்படும் விருதும் இதே வழிதான். பென் டிரைவில் வரும் முந்நூறு படங்களைப் பார்த்து ஒருவர் நல்ல ஒளிப்படக் கலைஞரா என்று சொல்லிவிடலாம். அவரிடம் ஒரு நூல் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. பக்கத்தைப் புரட்டும்போது எது முதலில் வருகிறது, எது தாமதித்து வருகிறது, எங்கே வெற்றுப் பக்கம் விடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் கையில் காகிதம் இருந்தால்தான் தெரியும்.

விதி சரி. ஆனால் அது யாரை வடிகட்டுகிறது என்பதை விண்ணப்பங்கள் காட்டின. டம்மி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் வடிவமைப்புப் படித்தவர்கள், அல்லது வடிவமைப்பாளருக்குப் பணம் கொடுக்க வசதி உள்ளவர்கள். திருவண்ணாமலையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவை படங்களாக மட்டுமே வந்தன, அவற்றில் சில மிக வலுவானவை. ஆகவே நடுவிலேயே விதியைத் திருத்தச் சொன்னோம். குடும்பம் மறுப்பில்லாமல் ஏற்றது. படங்களைப் பார்த்து ஒரு சிறு பட்டியல்; பட்டியலில் உள்ளவர்களுக்கு டம்மி தயாரிக்க ஒரு சிறு தொகையும், கூட உட்கார்ந்து பார்க்க ஒரு தொகுப்பாளரும்; அதன் பிறகு இறுதித் தேர்வு. தோற்றவர் கையிலும் ஒரு டம்மி மிஞ்சும். இந்தச் சுற்றில் செலவழித்த பணத்தில் மிகக் குறைவான தொகை இதற்குப் போனது, மிக அதிகப் பயனும் இதில்தான் கிடைத்தது என்பது என் கணிப்பு.

பட்டியலில் இருந்த ஒரு தொகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலமான ஒரு நாளிதழ் ஒளிப்படக் கலைஞரின் மகள் அனுப்பியது. நெகட்டிவ்கள் அவர் வீட்டில் இருந்தன. படங்களின் உரிமை யாருடையது? நெகட்டிவ் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று பலரும் நம்புகிறார்கள்; அது தவறு. அமெரிக்காவில், வாழ்ந்த காலத்தில் யாரும் அறியாத ஒளிப்படக் கலைஞர் விவியன் மையரின் நெகட்டிவ் பெட்டிகளை 2007-இல் ஏலத்தில் எடுத்தவர்கள் நூலும் கண்காட்சியுமாக அவரை உலகத்துக்குக் காட்டினார்கள். 2014-இல் சட்டப்படியான வாரிசு யார் என்ற வழக்கு வந்தபோது எல்லாம் கேள்விக்குள்ளானது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, நாளிதழில் வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக எடுத்த படத்தை நாளிதழில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்கு. மற்ற வகையில் உரிமை எடுத்தவருக்கே. நூல் உரிமை அப்பாவுடையதுதான் என்று வாதிட இடம் இருந்தது. ஆனால் பணி நியமன ஆணையில் வேறு எதுவும் எழுதப்பட்டிருந்ததா என்று பார்க்க ஆணை கிடைக்கவில்லை. அதோடு, 2012 திருத்தத்துக்குப் பிறகு ஒளிப்படத்துக்கும் பதிப்புரிமை, எடுத்தவர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை நீடிக்கிறது. ஆகவே எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரரின் சம்மதம் வராமல் நின்றது. அந்தத் தொகுப்பைக் கைவிட மனமே இல்லை. உரிமை ஆவணங்களைத் தேடித் தொகுக்க ஒரு வழக்கறிஞரின் கட்டணத்தை மட்டும் நல்கையிலிருந்து கொடுத்து, அடுத்த சுற்றுக்கு வைத்தோம். இறந்தவர்களின் படங்களுக்கு உதவ நினைக்கும் எந்த நல்கையும் இந்தச் செலவுக்கு இடம் வைக்க வேண்டும். கலை விமர்சகரும் ஒளிப்படக் கலைஞருமான ரிச்சர்ட் பார்த்தலமியூ 1985-இல் இறந்தார். அவருடைய ஒளிப்படங்கள் 2009-இல் நூலானதற்கு, தானும் ஒளிப்படக் கலைஞரான மகன் பாப்லோ அந்த நெகட்டிவ்களைக் காத்து ஒழுங்குபடுத்தியதுதான் காரணம். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு மகன் இருப்பதில்லை.

தேர்வான தொகுப்பு

தேர்வு பெற்றது எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய தொகுப்பு. எடுத்தவர் அந்தப் பகுதியில் வளர்ந்த இளைஞர், திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நீர், இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள், 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியால் அள்ளிய ஆட்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயில் தோய்ந்த படகுகள். பேரிடர்ப் படங்கள் பத்திரிகைகளில் வந்தவைதான். இரண்டு பேரிடர்களுக்கும் நடுவில், செய்தி எதுவும் இல்லாத நாட்களில் அவர் எடுத்தவைதான் யாரும் பார்த்திராதவை.

அவருடைய முதல் டம்மி 2017-இல் தொடங்கி 2023-இல் முடிந்தது. கரிய எண்ணெயில் ஆரம்பம், கரிய எண்ணெயில் முடிவு. தொகுப்பாளராக அமர்த்தப்பட்ட அம்மையார் அதை முழுதாகப் பார்த்துவிட்டு, "தம்பி, நடுவில் ஒரு கை படம் இருக்கிறதே, அதை வெளியே எடுங்கள்" என்றார். நீருக்குள்ளிருந்து வெளியே வந்த ஒரு கை, விரல் இடுக்கில் ஒற்றை இறால், பின்னால் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகம் மங்கலாக. எழுபதாம் பக்கத்தில் வேறு படங்களுக்கிடையே ஒடுங்கிக் கிடந்தது. அதை முதல் படமாக வைத்துப் பார்த்தார்கள். உடனே மற்ற எல்லாம் இடம் மாறின. வாசகர் முதலில் இறாலையும் கையையும் பார்க்கிறார், அதே பெண்ணைப் பல பக்கங்களில் அடையாளம் காண்கிறார், அதற்குப் பிறகுதான் எண்ணெய் வருகிறது. அப்போது அது யாருடைய ஆற்றில் கொட்டியது என்பது தெரியும். படங்களைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கி, பாதிக்கு மேல் விலக்கி, மழைக்காலம் முழுவதும் இந்த வேலை நடந்தது. அந்த இளைஞர் முகூர்த்த நாட்களில் வேலைக்குப் போய்விட்டு மற்ற நாட்களில் வருவார். அவர் இழந்த வருமானத்துக்கு ஈடாக நல்கையிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கப்பட்டது. அது இல்லாமல் அவர் வந்திருக்க முடியாது.

டம்மி முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார்கள். இது விதியில் இல்லை, தொகுப்பாளரின் வற்புறுத்தல். சம்மதம் கேட்பது ஒரு பக்கம். படக் குறிப்புகளில் இருந்த இடப்பெயர்களில் பலவற்றை அங்கிருந்த பெரியவர்கள் திருத்தினார்கள். ஒரு பெண் தன் வீட்டுக்குள் எண்ணெய்க் கறை படிந்த துணிகளோடு நின்ற படத்தை வேண்டாம் என்றார். நல்ல படம் அது. எடுத்துவிட்டோம்.

அச்சகத்தில்

சாம்பல் நிறம் இந்த நூலின் உயிர். நீரும் கரையும் வானமும் ஒரே சாம்பலில் கலக்கும் படங்கள் நிறைய. நான்கு வண்ண ஆஃப்செட்டில் மிகக் கடினமான நிறம் அதுதான். சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் சம அளவில் சேர்த்தால் சாம்பல் வராது, பழுப்பு தட்டும். சயான் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலை அச்சு ஓடும்போது கொஞ்சம் அசைந்தாலும் நீர் பச்சையாகவோ செம்மையாகவோ மாறிவிடும். முதல் புரூப்பில் கழிமுகம் முழுவதும் ரோஜா நிறச் சாயல் ஏறி, அந்தி நேரச் சுற்றுலாப் படம்போல இருந்தது. இளைஞர் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பி வைத்துவிட்டார்.

பிறகு செய்தது இது: சாம்பல் பகுதிகளில் மூன்று வண்ண மைகளின் பங்கைக் குறைத்து, அந்த வேலையைக் கறுப்பு மையிடம் கொடுக்கும்படி கோப்புகளில் வண்ணங்களை மீண்டும் பிரித்தார்கள். கறுப்பு தாங்கி நிற்கும்போது மற்ற மைகள் சற்று ஏறி இறங்கினாலும் நிறம் புரளாது. மெஷின்மேன் அனுபவசாலி, ஒவ்வொரு ஃபாரம் (பதினாறு பக்கம் கொண்ட பெரிய தாள்) ஏறும்போதும் முதலில் சாம்பல் படம் உள்ள பக்கத்தைத்தான் லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மளமளக்கும் ஆர்ட் பேப்பருக்குப் பதிலாகப் பளபளப்பில்லாத மேட் தாள். எட்டு ஃபாரம், 128 பக்கம். ஃபாரம் ஃபாரமாக மடித்து நூலால் தைத்த பைண்டிங். பசை மட்டும் போட்டு ஒட்டும் பைண்டிங் மலிவு. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் விரிந்த படத்தின் நடுப்பகுதியை மடிப்பு விழுங்கிவிடும்; இந்த நூலில் அந்த நடுவில்தான் பல படங்களில் ஆள் நிற்கிறார்.

குடும்பம் முதல் பக்கத்தில் தந்தையின் படமும் ஒரு பக்க அறிமுகமும் வேண்டும் என்று விரும்பியிருந்தது. தைத்த மாதிரிப் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்ததும் மூத்த மகளே வேண்டாம் என்றார். பதிப்பு விவரப் பக்கத்தில் நல்கையின் பெயர் ஒற்றை வரியில் இருக்கிறது. இந்தப் பெருந்தன்மையை நான் மிகவும் மதிக்கிறேன். நினைவு நல்கைகளில் வந்த எத்தனையோ நூல்களில், உள்ளே இருப்பவரைவிட நினைவுகூரப்படுபவரின் படம் பெரிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறது. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். நாங்கள் முதல் பதிப்புக்கு மட்டும் உரிமை பெற்று, படங்களின் உரிமை முழுவதையும் எடுத்தவரிடமே விட்டோம்.

பிரதிகள் போன வழி

அச்சிட்டது ஐநூறு பிரதிகள். வழக்கமாக இங்கேதான் கதை முடியும்: வெளியீட்டு விழா, பொன்னாடை, மீதி பரணில். கடைகளும் விநியோகஸ்தரும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கழிவு கேட்பார்கள். கனமான நூலை அனுப்பச் செலவு அதிகம். குறைந்த கட்டணத்தில் நூல் அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை நிறுத்தியது சிறு பதிப்பாளர்களுக்குப் பெரிய அடி. நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் காகிதத்துக்கு உண்டு. கட்டிய வரியைத் திரும்பப் பெற வழியில்லை.

விதியில் முன்பே விநியோகத்துக்கு என்று ஒரு பங்கைப் பூட்டி வைத்திருந்ததால் இந்த முறை தப்பித்தோம். அச்சுச் செலவு கூடியபோது அந்தப் பங்கிலிருந்து எடுக்கலாம் என்ற பேச்சு வந்தது, எடுக்கவில்லை. படத்தில் இருக்கும் குடும்பங்களுக்குப் பிரதிகள் முதலில் போயின. சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டிய பிரதி போனது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இதழியல் துறை உள்ள கல்லூரிகள் ஆகியவற்றுக்கும் கொடுத்தோம். நந்தனம் புத்தகக் காட்சியில் தனி அரங்கு எடுக்கும் வசதி இல்லை. நண்பர் ஒருவரின் பதிப்பக அரங்கில் ஒரு மேசை மூலை. அங்கே பிரதியை உறையிடாமல் திறந்து வைத்திருந்தோம். திறந்து வைத்த பிரதி அழுக்கானது, மற்றவை விற்றன. நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டுத் தயங்கிய மாணவர்களுக்காக, அதே படங்களில் பதினாறு பக்கம் மட்டும் கொண்ட ஒரு சிறு மலிவுப் பிரதியை அடுத்த நூலிலிருந்து கூடவே அச்சிட வேண்டும் என்று குழு எழுதி வைத்திருக்கிறது.

இரண்டாம் சுற்றுக்கான திருத்தப்பட்ட விதிகளில் தொகையை நான்காகப் பிரித்திருக்கிறார்கள்: டம்மிக்கும் தொகுப்பாளருக்கும், உரிமை ஆவணங்களுக்கு, அச்சுக்கு, விநியோகத்துக்கு. ஒரு பங்கிலிருந்து மறு பங்குக்கு மாற்ற வேண்டுமானால் குழு முழுவதும் சம்மதிக்க வேண்டும். நாளிதழ் ஒளிப்படக் கலைஞரின் மகளுக்கு அண்ணனின் கையெழுத்து வந்துவிட்டது. நியமன ஆணையைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.